கீழ்வரிசை, வலப்பக்கம்

இந்த ஆண்டில் இது நான்காம் முறை.
முதலில் லேசான தினவு.
நாக்கு அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறது,
கதவைச் சாத்தினோமா என்று
நடு இரவில் எழுந்து பார்ப்பவளைப் போல.
ராத்திரி ஈறில் ஒரு பட்டாணி.
விடிந்தால் அது கொண்டைக்கடலை.

ஈறு என்றால் முடிவு என்றும் ஒரு பொருள் உண்டு.
இந்த ஈறுக்கு அது தெரியாது.

டெல்பா ராட்லிஃப்,
கென்டக்கி மலைகளுக்கு நடுவே
மூடிப்போன சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்
மலிவுக் கடை ஒன்றில் கல்லாவில் நிற்கிறாள்.
மணிக்குப் பதினொன்றேகால் டாலர்.
உடம்புக்குக் காப்பீடு உண்டு, பாதிக்குப் பாதி.
பல்லுக்குக் கிடையாது.
உடம்பு வேறு பல் வேறு என்று எழுதியவனுக்கு
வாய் எங்கே முளைத்திருந்ததோ.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்கிறார்கள்.
எந்தப் பல்லை?

பிப்ரவரியில் வீக்கம் தாடையைத் தாண்டிக்
கழுத்துக்கு இறங்கிய இரவு
அவசரப் பிரிவுக்குப் போனாள்.
ஆறு மணி நேரம் கழித்து ஓர் இளம் டாக்டர்
டார்ச் அடித்துப் பார்த்தார், மாத்திரை எழுதினார்,
"எச்சில் விழுங்க முடியாமல் போனால் உடனே ஓடி வாருங்கள்,
மற்றபடி பல் டாக்டரைப் பாருங்கள்" என்றார்.
அதற்குப் பில் எண்ணூற்று எழுபது.
பல்லைப் பிடுங்க இருநூற்று நாற்பதுதான்.
ஆனால் ஆஸ்பத்திரியில் கடன் வைக்கலாம்,
பல் டாக்டரிடம் காசை முதலில் வைக்க வேண்டும்.

காபி டப்பாவில் ஒருமுறை இருநூற்றுப் பத்து சேர்ந்தது.
அந்த வாரம் பார்த்து ட்ரக் படுத்துக்கொண்டது.
வண்டி ஓடாவிட்டால் வேலை ஓடாது.
பல் எங்கே ஓடிவிடப்போகிறது?

ஏழு நாள் மாத்திரையை நாலு நாளில் நிறுத்தி
மீதியை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.
தப்பென்று தெரியும்,
புட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.
கிராம்புத் தைலம், உப்பு வெந்நீர்,
கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ் பை.
தூக்கம் இடப்பக்கமாக மட்டும்.

அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை,
யாரோ வாங்கிய மிட்டாய்ப் பைகளை
ஸ்கேனர் மேல் இழுத்துக்கொண்டிருந்தபோது
உடைந்தது.
உப்பு. துரு. செத்த எலி.
"வேறு ஏதாவது?" என்று கேட்க வாய் திறக்க முடியாது.
மீதிச் சில்லறையை நீட்டித் தலையை ஆட்டினாள்.
திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள்.
கழிவறையில் துப்பிவிட்டு நிமிர்ந்தால்
வலி இல்லை.
அழுகை வந்தது, அவ்வளவு சுகம்.
சீழுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்றே என்று
அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது,
கண்ணாடியில் யாரும் இல்லாதபோதும்
கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நவம்பரில் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில்
இரண்டு நாள் இலவச முகாம்.
முந்தைய இரவே போய் ட்ரக்கில் படுத்தாள்.
விடியும் முன் இறங்கிப் பார்த்தால்
பனியில் நானூறு பேர்,
கன்னத்தைக் கையால் தாங்கியபடி
எல்லோரும் ஒரே யோசனையில் இருப்பவர்கள் போல.
முன்னால் நின்ற வெர்னன் ஸ்லோன்
தன் பல்லைத் தானே இடுக்கியால் இழுத்தவராம்.
மேலே இருந்தது வந்துவிட்டது,
வேர் வரவில்லை.
"விஸ்கி போதவில்லை" என்றார்.

டோக்கன் நூற்றுப் பதினெட்டு.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே நாற்காலி.
டாக்டர் அம்மா நல்லவர்தான்,
தயங்கித் தயங்கிச் சொன்னார்:
"ஆளுக்கு ஒரு வேலைதான் செய்ய முடிகிறது.
இதைப் பிடுங்கலாம்.
இல்லையென்றால் பக்கத்துப் பல்லை அடைக்கலாம்.
இன்றைக்கு அடைத்தால் அது பிழைக்கும்."

டெல்பா வளையத்தைப் பார்த்தாள்.
வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது.
"பிடுங்குங்கள்."

திரும்பும் வழியெல்லாம் வாயில் பஞ்சு.
மரத்த நாக்குக்கு உயிர் வந்ததும்
வழக்கப்படி போய்ப் பார்த்தது.
கதவும் இல்லை, நிலையும் இல்லை.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு
பக்கத்து வீட்டைத் தட்டிப் பார்த்தது.