நினைவுச் சுழற்கோப்பை

வில்லாபுரம் வீட்டைக் காலி செய்யும்போது
பீரோ அடித்தட்டிலிருந்து பதினாலு பனியன் வந்தன.
ஒன்றைத் தவிர எல்லாம் ஏழாம் நம்பர்.
அந்த ஒன்று நாலு. ஜெயக்கொடியுடையது.
செக்கானூரணியில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாறிப்போனது;
என் ஏழோடு அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள்.

“வேன்ல இடம் பத்தாது.
ஒரு மூட்டையைக் குறை” என்றார் ஞானதுரை.

பாலியெஸ்டர். தரை துடைக்க ஆகாது,
தண்ணீரைக் குடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும்.
தலையணைக்குள் திணித்துப் பார்த்தேன்,
ராத்திரி முழுக்கக் காதருகே சரசரப்பு.
பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்
விரலில் ஒரு நுனியைத் தேய்த்துவிட்டு
“சரிகை ஏதும் இருக்காம்மா?” என்றார்.

எல்லாம் சரிதான்.
ஆனால் முதுகுப் பக்கம் திருப்பினால்
ஒவ்வொன்றிலும் ஒருவர் இருக்கிறார்.

எங்கள் பக்கத்துக் கபடி அப்படி.
செத்தவர் பேரில் கோப்பை,
செத்தவர் முகத்தோடு பனியன்.
வெள்ளை மீசை சோணமுத்து அம்பலம்.
பேரையூர் லாரி செட்டு மாயக்காள், பெரிய மூக்குத்தி.
கண்ணாடி போட்ட கண்டக்டர் ஒருவர்,
வெளுத்து வெளுத்துப் பேரில் ‘வேலு’ மட்டும் மிச்சம்;
சக்திவேலோ தங்கவேலோ.
இவர்களைச் சுமந்துகொண்டுதான் பாடிப் போனேன்.
தப்பித்துத் திரும்புகையில் எதிராளி முதுகைப் பற்றினால்
அம்பலத்தின் மீசையைத்தான் பற்றினாள்.
நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்
மாயக்காள் எத்தனை தரம் மண்ணில் புரண்டாளோ.

கருமாத்தூரில் கொடுத்தது ஒரு பையன்.
இருபத்திரண்டு வயசு. நாலுவழிச் சாலை, பைக்.
முகத்துக்கு இரண்டு பக்கமும் சிறகு போட்டிருந்தார்கள்,
மேலே ரெண்டு புறா.
அவன் அம்மா ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத்
தானே தலைவழியாக மாட்டிவிட்டார்.
எனக்குக் காலரை இழுத்து நேராக்கி,
“சின்னதா இருக்காம்மா?” என்றார்.
“இல்லம்மா, சரியா இருக்கு.”
சின்னதாகத்தான் இருந்தது.
அரையிறுதியில் அக்குள் கிழிந்தது.
ரெண்டு பாயிண்டில் தோற்றோம்.
அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
வரிசையாக நாங்கள் பந்தலை விட்டுப் போகும்போது
முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
முகத்தை மட்டும் சதுரமாக எடுத்துவிட்டால்
மிச்சம் பைக் துடைக்க ஆகும்.
அம்பலத்தை மூன்று பக்கம் வெட்டினேன்.
நாலாவது பக்கத்தில் அவர்
கதவு மாதிரித் திறந்து திறந்து மூடினார்.
அந்தச் சதுரங்களை அப்புறம் எங்கே வைப்பது?
சாமி படத்துக்குப் பக்கத்திலா, ரேஷன் கார்டு உறையிலா?
கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊசி எடுத்து அவரை மூன்று பக்கமும் தைத்தேன்.
கோணல். மீசை ஒருபக்கம் தூக்கிக்கொண்டது,
சிரிக்கிறாற்போல.

எல்லாவற்றையும் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டேன்.
எதிர் மாடியில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்த பொடியன் எண்ணினான்:
ஏழு, ஏழு, ஏழு, நாலு, ஏழு.
“அத்தே, உங்க வீட்ல எத்தனை பேரு?”
“மூணு பேருடா.”
நம்பாமல் மறுபடி எண்ணினான்.

சாயங்காலம் தூறல்.
படியில் கால் வைத்ததும் வாய் தானாகத் தொடங்கிற்று,
கபடி கபடி கபடி,
முப்பத்தொன்பது வயசு, முழங்கால் கடகடக்கிறது,
கபடி கபடி, கிளிப்புகள் தெறிக்க
பதினாலையும் அள்ளி மார்போடு அணைத்து
கபடி, இறங்கி, கபடி,
வாசல்படியைக் காலால் தொட்ட பிறகுதான்
மூச்சை விட்டேன்.

ஞானதுரை மூட்டைகளுக்கு நடுவில் நின்றார்.
“ஒண்ணு குறைக்கச் சொன்னேனே?”

“இட்லிக் கொப்பரை இருக்கட்டும்” என்றேன்.
“அடுத்து வர்றவங்க அவிச்சுக்கட்டும்.”