கடைக்கோடியில் நிற்பவன்

முப்பத்திரண்டேகால் அங்குலம்.
தோள் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை.
நாடா பிடித்தவர் உரக்கச் சொன்னதும்
இருபத்தாறு பேனாக்கள் குனிந்தன,
என்னுடையதும்.

அரைக்கால்சட்டையோடு நிற்கிறான் லவோரிஸ் பெட்டிஃபோர்ட்.
வடக்கு லூசியானாவில்
வழி தவறாமல் யாரும் வந்துசேர முடியாத கல்லூரி.
கையை விரி என்கிறோம், விரிக்கிறான்.
எடைமேடையில் ஏறு என்கிறோம், ஏறுகிறான்.
இனிப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் பாக்கி
என்று நினைத்துக்கொள்கிறேன்.
மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்கிறார்.

கால்பந்து என்று பெயர்.
காலுக்கும் பந்துக்கும் அதிகம் பேச்சுவார்த்தை கிடையாது.
இவன் பந்தைத் தொடுவதே இல்லை.
தற்காப்பு வரிசையின் கடைக்கோடியில்
மூன்று விரல் புல்லில் ஊன்றிக் குனிந்திருப்பான்.
பந்து அசைந்ததும்
முந்நூறு பவுண்டு மனிதன் ஒருவனைச் சுற்றிக்கொண்டு போய்
பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க வேண்டும்.
இரண்டரை நொடி.
அதற்குள் முடியவில்லையென்றால் முடியவில்லை.

இருபது வருஷமாக இந்த இரண்டரை நொடிகளில்தான்
என் வீட்டுக்கடன் அடைந்துகொண்டிருக்கிறது.

பயிற்சியாளர்களை நான் கேட்பதில்லை,
எல்லாப் பையன்களும் அவர்களுக்குச் சிங்கம்.
சலவை அறை மிஸ் ஓடெல்லாவைக் கேட்டேன்.
"காலுறையை உள்வெளியாகப் போடமாட்டான்,"
என்று மட்டும் சொன்னாள்.
அதையும் குறித்துக்கொண்டேன்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

இரவு, நெடுஞ்சாலையோர மோட்டல்.
மடிக்கணினியில் அவனுடைய பதினோராம் ஆட்டம்.
மூன்றாம் முறை பார்க்கும்போது கண்ணில் பட்டது:
பாயப் போகிறான் என்றால்
பின்னங்காலின் குதிகால் ஒரு நூல் எழும்புகிறது.
காத்து நிற்கப் போகிறான் என்றால்
தரையோடு படிந்திருக்கிறது.
வாசலில் விளக்கேற்றி வைத்தது போல.
நாற்பத்து மூன்று தடவை எண்ணினேன்,
நாற்பத்தொன்று அப்படியே.

கல்லூரியில் எவனும் பார்க்கவில்லை.
மேலே, சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர்கள்
இரண்டே வாரத்தில் படித்துவிடுவார்கள்.
ஐந்தாம் சுற்று என்று எழுதினேன்.
ஒரு சோறு பதம் பார்த்தாயிற்று, மூடி வை பானையை
என்று விளக்கையும் அணைத்தேன்.

படுத்த பிறகுதான் அந்த இரண்டு.

எழுந்து தேடினேன்.
இரண்டுமே கடைசிக் கால்பகுதி.
இரண்டிலும் குதிகால் தரையோடு தரையாக,
எதிரே நின்றவனின் தோள் தளர்ந்திருக்க,
இரண்டிலும் குவார்ட்டர்பேக் மல்லாந்து
வானம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொரு தடவை உண்மை சொல்லி
இரண்டு பொய்க்குக் கடன் வாங்கியிருக்கிறானா?
அல்லது களைப்பா, மழையா,
ஈரப் புல்லில் வழுக்கிய செருகுகாலணியா?

மறுநாள் காலை பத்து நிமிடம் தந்தார்கள்.
அம்மா கோழிப் பண்ணையில் இரவுப்பணி என்றான்.
முழங்கால் சரியாகிவிட்டது என்றான்.
நான் குதிகாலைக் கேட்டேன்.
முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
"எந்தக் குதிகால், சார்?"

எழுந்து போனான்.
நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனான்.

மாலை பொதுமேலாளர் தொலைபேசியில்:
"கை நீளம்?"
முப்பத்திரண்டேகால்.
"குட்டை," என்றார்.
ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.
வேறு அழைப்பு வருகிறது என்றார்.

இப்போது ஐந்தை அடித்துவிட்டு மூன்று எழுதியிருக்கிறேன்.
மூன்றையும் அடித்திருக்கிறேன்.
தாளில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிட்டது.

நாற்காலியை ஒதுக்கிவிட்டு
ஐம்பத்தெட்டு வயதில், உள்பனியனோடு,
மோட்டல் கம்பளத்தில் மூன்று விரல் ஊன்றுகிறேன்.
எதிரே குளிர்சாதனப் பெட்டி.
குதிகாலை அசைக்காமல் பாய வேண்டும், அவ்வளவுதான்.
முழங்கால் சடசடக்கிறது.
நினைப்பதற்கு முன்பே குதிகால் எழும்பிவிடுகிறது.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.

பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார்.