பின்பக்கம்

எங்கள் காசில் இரண்டு பக்கமும் தலைதான்:
ஒன்று எங்கள் அரசி, மற்றது ரோமாபுரிக்காரர்.
பூவா தலையா கேட்க வழியில்லை.

கப்பம் கொண்டுபோன கப்பல்
உப்புமீன் சாடிகளோடு
கருங்கடல் தாண்டி அப்படியே திரும்பியது.
"வாங்கிக்கொள்ள ஆளில்லை" என்றான் மாலுமி.
மூன்று நாள் துறையெங்கும் மீன் வாடை.

மறுபக்கம் யாரை வெட்ட என்று
அச்சுக்காரன் கொஸ்ஸாஸ் கேட்டான்.
"மழித்துவிடு."

அந்தக் குளிரில் புல்வெளிக்காரர்கள்
இருபது குதிரை, நாலு குடம் தேனோடு வந்து
குனிந்து நின்றார்கள்,
நாங்கள் நின்ற அதே குனிவு.
பார்க்கவே கூசியது.

அவர்களில் ஒருத்தி
புதுக்காசைப் புரட்டி, வழுவழுப்பை விரலால் தடவி,
"இந்த இடம் யாருக்கு?" என்றாள்.

அரசி பதில் சொல்லவில்லை.
தேனைத் தொட்டு நக்கினாள்.

அன்றிரவு
கொஸ்ஸாஸ் வீட்டில் உளி தீட்டும் சத்தம்.