வான் ரீனன் கணவாய், ஜூலை

ஹாரிஸ்மித் இருபது கிலோமீட்டர் என்றது பலகை.
அதற்கப்புறம் பலகையே இல்லை,
பனிதான்.

பிரேக்கை மிதிக்காதே, தடவு
என்பான் சகாதேவன், லாரி ஓட்டுகிறவன்.
பூனை முதுகைத் தடவுகிற மாதிரி.
தடவினேன்.
ஆனாலும் வண்டி ஒருமுறை
தன்னிஷ்டத்துக்கு வழுக்கிப்போய்
தானே நின்றது.
டர்பன் டயர். கடற்கரைதான் அதற்குப் பழக்கம்.

இரண்டாம் கியர். விளக்கைத் தாழ்த்தினேன்.
உயர்த்தினால் பனி என் முகத்துக்கே
வெள்ளையடிக்கிறது.

சாலையோரம் ஐந்தடி உயரத்தில்
ஒரு வெள்ளை மிதந்து வந்தது.
கறுப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை,
எதுவும் தெரியவில்லை எனக்கு.
தலையில் கவிழ்த்திருந்த ரொட்டிப் பை மட்டும்.

காதுக்குக் குளிராம்.
பெயர் மோலெஃபி. பெட்ரோல் பங்கில் இரவு வேலை,
டாக்ஸி வரவில்லை.
வருகிற வண்டிக்கு முகம் கொடுத்தே நடப்பாராம்,
"இடிக்கிறவனையாவது பார்க்கலாமே" என்று சிரித்தார்.

அவர் இறங்குகிறார், நான் ஏறுகிறேன்.
ஏற்றிக்கொள்ள வழியில்லை.
நான்கு விளக்கும் சிமிட்டிக்கொண்டிருக்க
டிக்கியைத் திறந்து
அந்தச் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக் கொடுத்தேன்.
சணல் கயிற்றில் கட்டி
மார்பில் மாட்டிக்கொண்டார், பதக்கம் மாதிரி.

கண்ணாடியில் அவர் தெரியவில்லை.
பின்னால் வந்த லாரியின் இரண்டு விளக்குகள்
தயங்கின,
கொஞ்சம் விலகின,
திரும்ப நேராயின.

இனி என் வண்டி நின்றுபோனால்
சாலையில் வைக்க ஒன்றுமில்லை.
தடவித் தடவிப் போகிறேன்.