நிலையம் நான்கு

அராலிப் பாலத்தில் காலை ஆறு பத்து.
வாடை ஸ்கோப்பின் காலை உதறுகிறது.
மோட்டார் சைக்கிள் சீற்றில் முழங்கையை ஊன்றி
மூச்சைப் பிடித்தால்
நாமத்தலை வாத்துகள் வட்டத்துக்குள் வரும்.

பத்தை எண்ணு.
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணால் வெட்டி எடு.
அதை வைத்து நூறு.
நூறை வைத்து, தண்ணீர் முடியுமட்டும்.
கட்டைவிரலுக்குக் கீழே எண்ணும் கருவி;
ஒரு கிளிக்குக்கு நூறு உயிர்.

சிறகுவலை பார்த்துத் திரும்பும் மரியாம்பிள்ளை
ஒவ்வொரு தையிலும் கேட்பார்:
"எண்ணினாப்போல கூடுமோ?"
கூடாது அண்ணை.
"அப்ப ஏன்?"
குறைஞ்சால் தெரியவேணும்.
வலையை உதறுகிறார். இறால் இரண்டு கிலோ வராது.
எங்கும் எழுதிவைக்கிற ஆளில்லை அவர்,
போன வருசம் இதே கிழமை மூன்றேகால் என்று
கேட்காமலே சொல்கிறார்.

திணைக்களத்து அலுமாரியில் பழைய பதிவேடு.
எண்பத்து நாலு: ஊசிவால் வாத்து 2,317. பூநாரை 640.
தூறல். தெற்குக் கரையில் நாய்.
கையொப்பம் செ. பொ.
யாரென்று எவருக்கும் தெரியவில்லை;
ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிறவர் என்பது மட்டும் தெரியும்.
எண்பத்தாறுக்குப் பிறகு எண் இல்லை.
சிறு கோடு. கோடு. பதினாறு கோடு.
பிறகு நாலு வருசம் வேறு கையெழுத்தில் எண்கள்.
பிறகு மறுபடி மூன்று கோடு.

கணினியில் ஏற்றிய இரவு
மின்சாரம் இரண்டு தரம் போனது.
கோட்டை மென்பொருள் ஏற்காமல் கத்த
நான் பூச்சியம் தட்டினேன்.
வரைபடம் கிணற்றுக்குள் விழுந்து,
ஏறி,
இன்னொரு தரம் விழுந்தது.

கொழும்பிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டார்:
இவ்வளவு பெரிய அழிவுக்குக் காரணம் என்ன,
நோயா, வரட்சியா?

இரண்டுமில்லை ஐயா. என் விரல்.

பூச்சியம் என்றால்: போனேன், பார்த்தேன், இல்லை.
கோடு என்றால்: எவரும் போகவில்லை.
பாலத்தில் மண்மூட்டை அடுக்கியிருந்த காலம்;
தொலைநோக்கியோடு வருகிறவன்
பறவை பார்க்கிறேன் என்றால் யார் நம்புவது.

ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தேன்.
தொண்ணூற்று மூன்றில் விரல் நின்றது.

அந்தத் தை மாதம் நான் தண்ணீரில் இருந்தேன்.
கிளாலி. வள்ளம். வயது ஒன்பது.
தம்பிக்கு இருமல்; அம்மாவின் கை அவன் வாயில்.
எஞ்சினை நிறுத்தியதும்
முன்னால் இருட்டு எழும்பியது,
முழுவதும் ஒரேயடியாக,
கிடுகுக் கூரையைக் காற்றுப் பெயர்க்கிற சத்தத்தோடு.
பிறகு தலைக்கு மேலால் சீழ்க்கைகள்
நெடுநேரம் போய்க்கொண்டிருந்தன.
வள்ளத்தில் எல்லோரும் குனிந்தார்கள்,
வேறெதுவோ என்று.
அது நாமத்தலை வாத்தின் குரல் என்று தெரிய
எனக்கு இருபது வருசம் பிடித்தது.

எத்தனை? தெரியாது.
நிலைய இலக்கம்? இல்லை.
பார்வைத் தூரம்? அம்மாவின் முழங்கை வரை.
குறிப்புப் பத்தியில் "இருந்தன" என்று தட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அழித்தேன். அது தரவு அல்ல.
கோடு அப்படியே கிடக்கிறது,
விளக்கில்லாத இரவில் பரவைக்கடல் கிடக்கிறமாதிரி.

ஆறு ஐம்பது. ஆயிரத்து நானூறு வரை வந்துவிட்டேன்.
வட்டுக்கோட்டை பஸ்
ஹோர்னை அமத்திக்கொண்டே பாலத்தில் ஏற,
தண்ணீர் முழுக்க எழும்புகிறது.
கல்லுண்டாய்ப் பக்கம் வளைந்து, இரண்டாய்ப் பிரிந்து,
ஒரு பாதி மற்றதைத் தேடுகிறது.
சாரதி கை காட்டுகிறார். நானும் காட்டுகிறேன்,
கோபத்தோடுதான்.

கருவியின் பக்கத்துப் பொத்தானை அழுத்த
நாலு இலக்கமும் பூச்சியமாகின்றன.
இறங்கட்டும்.
பத்தை எண்ணு.