மேசை ஏழு

பகல் கலக்காமல் அளக்க வேண்டும் என்பதால்
சூரியன் போனபிறகே போவேன்.
சீனன்குடாவில் முச்சக்கரவண்டி இறக்கிவிட்டது.
நண்டுச் சதை உதிர்க்கும் கொட்டகை.
வாசலில் குளோரின் தண்ணீர்த் தொட்டி,
எனக்கென்று எடுத்துவைத்த பூட்ஸ்.
இரண்டும் இடக்கால்.

மீற்றரின் கண் பாதிப் பிங்பொங் பந்து.
மூடியைப் போட்டுப் பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பேன்.
முதலில் இருட்டைக் காட்டிவிட வேண்டும்.
இல்லாவிட்டால் வெளிச்சத்தில் பொய் சொல்லும்.

முகாமையாளர் சுமேத
நேற்றே ரியூப்களை மாற்றிவிட்டார்.
வெறும் பெட்டிகள் கதவுக்குப் பின்னால் கிடந்தன.
"ஒக்கோம அலுத், மிஸ். எல்லாம் புதுசு."

மேசை ஒன்று, ஐந்நூற்றுப் பத்து.
மேசை இரண்டு, ஐந்நூற்று நாற்பது.
மூன்றாவதன் மேல் விளக்குக் கூட்டுக்குள்
ஈசல்கள் செத்துக் கிடந்தன. நானூற்று எண்பது.
ஏணி வைத்துத் துடைத்தார்கள். ஐந்நூற்று இரண்டு.
ஈசல்களின் எடை இருபத்திரண்டு லக்ஸ் என்று
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி
வெட்டினேன்.

கையை நீட்டி வை. தள்ளி நில்.
உன் நிழல் விழக்கூடாது.
வெள்ளைச் சட்டை போடாதே, அதுவும் தெறிக்கும்.
அளப்பவள் அங்கே இல்லாததுபோல் இருக்க வேண்டும்.
பதினொரு வருடமாய்
இதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

மேசை ஏழு, ஐந்நூற்று அறுபது.
கொட்டகையிலேயே இதுதான் கூட.
சுமேத சிரித்தார்.
எனக்கு இடம்விட்டு எழும்பி நின்ற ஜெஸீமா
"நான் இருந்து பாக்கவா?" என்றாள்.

இருந்தாள். ஒரு கால்துண்டை எடுத்தாள்.
நகம் வெட்டிய துணுக்களவு ஓட்டைத் தேட
எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு குனிந்தாள்.
விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால்.
தொப்பி போட்ட தலை தட்டின் மேல் வந்தது.
மீற்றர் அவள் கைகளுக்கு நடுவில் இருந்தது:
நூற்று முப்பத்தெட்டு.

குளிர்அறை மோட்டர் மட்டும் கேட்டது.

"கொஞ்சம் நிமிருங்கோ."
நிமிர்ந்தாள். ஐந்நூற்று இருபது.
"இப்ப ஓடு தெரியுதில்ல, மிஸ்."

எங்கேயோ ஒரு நாட்டில்
யாருடையதோ பல்லில் ஒரு துணுக்குக் கடிபட்டதாம்.
மின்னஞ்சல் வந்ததாம்.
எந்த மேசை என்று டின்னில் இலக்கம் இருந்ததாம்.
இரண்டு நாள் கூலி.

படிவத்தில் இடம் உண்டு, நேரம் உண்டு,
அளவு, தேறியது, தேறவில்லை.
தலை என்று ஒரு நிரல் இல்லை.
குறிப்புகள் என்ற இரண்டு வரிக்குள் எழுதினேன்:
ஏழாம் மேசை, ஆள் இருக்கையில் 138.
சுமேத மரியாதையாகத்தான் கேட்டார்,
"ஆள் இல்லாமத்தானே அளக்கிறது, மிஸ்?"
ஓம். அப்படித்தான் அளக்கிறது.

நாலு பெண்கள் கேட்காமலே மேசையைத் தூக்கித் திருப்பினார்கள்.
விளக்கு இப்போது இடப்பக்கம், முன்னால்.
குனிந்தாள். முந்நூற்றுப் பத்து.
கழிவுக் குழாய் எட்டவில்லை,
நண்டுத் தண்ணீர் என் இரண்டு இடக்கால்களையும் சுற்றி ஓடியது.
"தண்ணி போகாது," என்றார் சுமேத.
"தண்ணிய நாங்க தள்ளுறம்," என்றாள் ஜெஸீமா,
தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பும்போது கடற்கரை வீதியில்
மான்கள் நடுரோட்டில் படுத்திருந்தன.
ஹெட்லைட்டுக்கு ஒன்றுகூட எழும்பவில்லை.
சாரதி லைட்டை அணைத்தார்.
அதற்குப் பிறகு எழும்பின.

காலையில் கந்தோரில் அறிக்கை எழுத இருந்தேன்.
என்ன நினைத்தேனோ,
மீற்றரை என் மேசையில் வைத்தேன்.
நூற்றுத் தொண்ணூறு.
எழுதுவதற்குக் குனிந்து பார்த்தேன்.
எண்பத்தொன்று.

மூடியைப் போட்டேன்.
பூச்சியம்.
பழுதில்லை, சரியாகத்தான் காட்டுகிறது.