எடைமேடை

லாரியை மேடையில் ஏற்றி எஞ்சினை அணைக்கிறேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து எட்டியப்பன் கையைக் காட்டுகிறான்:
இன்னும் ஒரு அடி முன்னால்.

பதினெட்டு டன் நானூற்று இருபது.
குலை ஈரம், கழிவு என்கிறான்.
காம்பு நீளம், அதற்கும் கழிவு.
நான் வாதாடுவதில்லை.
அவனிடமிருந்து நான் கழித்தது
எந்த மேடையிலும் ஏறாது.

சிலிம் ரிவரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
நாலாம் டிவிஷன் சன்னாசி மகன்,
பள்ளி லீவில் உரமூட்டை தூக்கியவன்.
மூட்டைக்கு இருபது காசு.
மேட்டுக்காட்டுக்கு நடந்தால் எட்டு நடை,
ஓடினால் பதினொன்று.
அதனால் ஓடினான்.

போலீஸ் டிப்போவில் சேர்ந்த வருஷம்
முட்டைபோல் ஒரு பந்தைக் கையில் கொடுத்தார்களாம்.
இவ்வளவு இலேசா என்று சிரித்தானாம்.
முன்னால் எறியக் கூடாத பந்து அது.
முன்னால் போக வேண்டுமென்றால்
சுமந்துகொண்டு நீயே போக வேண்டும்.
விதி அவ்வளவுதான் என்றதும்
அவனுக்கு வேறெதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு பருவம் போலீஸ் அணி, நான்கு பருவம் பேராக்,
இரண்டு முறை நாட்டின் சட்டை.
கொழும்பில், மழையில்,
மூன்று பேர் இடுப்பில் தொங்க
சேற்றை உழுதுகொண்டு போய்க் கோட்டில் விழுந்த படம்
கடைத்தெரு முடிவெட்டும் கடையில் இன்னும் இருக்கிறது.
முகம் தெரியாது அதில்.
தொடை தெரியும், பந்து தெரியும்.

நான் காஜாங் சிறைச்சாலை அணி.
வாரமெல்லாம் பூட்டைத் திறந்து மூடுகிறவன்,
சனிக்கிழமை ஆள் பிடிக்கிறவன்.
ஈப்போ திடல். எழுபதாவது நிமிஷம்.
பந்தை விலாவில் இடுக்கிக்கொண்டு வந்தான்.
இடது காலை ஊன்றுவான், வலப்பக்கம் வெட்டுவான்.
எனக்குத் தெரியும்.
ஊன்றினான்.
தோளைக் கொடுத்தேன்.

காய்ந்த ரப்பர் விறகு முறிகிற சத்தம்.

ரெஃப்ரி விசில் ஊதவில்லை.
ஊத ஒன்றுமில்லை, சுத்தமான பிடி.
கோச் வந்து முதுகில் தட்டினார்.
இருபத்தேழு வயது அவனுக்கு.
இரண்டு ஆபரேஷன், ஒரு வருஷம் மேசை வேலை,
பிறகு மருத்துவக் குழுவின் கடிதம்.

மனைவி ஊர் என்று நான் இங்கே வந்து
குத்தகைக்காரர் லாரியில் ஏறிய முதல் நாள்
என் ஐசியை வாங்கிப் படித்தான்.
மார்ட்டின் த/பெ அந்தோணிமுத்து.
பதிவேட்டில் எழுதினான். திருப்பிக் கொடுத்தான்.
ஒன்பது வருஷமாகிறது.
பேசியதெல்லாம் டன், கழிவு, டயர், மழை.

நேற்று சாயங்காலம்தான்,
சீட்டு இயந்திரத்தில் காகிதம் சிக்கி
அதை ஊக்கால் நோண்டிக்கொண்டே கேட்டான்:
"வலப்பக்கம்னு எப்படித் தெரியும்?"

"வீடியோ டேப்பு. வார்டர் குவார்ட்டர்ஸ்ல போட்டுப் பாத்தேன்."

"எத்தன தடவ?"

"டேப்பு கோடு விழற வரைக்கும்."

ஊக்கு நின்றது.
"எங்க பக்கம் யாரும் எடுக்கல.
நான் ஓடுறத நானே பாத்ததில்ல, தெரியுமா.
எப்படி இருந்துச்சு?"

வாயில் சொல் வரவில்லை.
இறங்கினேன்.
ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை, தோட்டத்து ரப்பர் பூட்ஸ்.
கேபினில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை விலாவில் இடுக்கி
லாரிக்கு முன்னால் இருந்த இரும்புத் தகட்டில்
ஐந்தடி ஓடினேன்.
இடது காலை ஊன்றினேன்.
வலப்பக்கம் வெட்டினேன்.
கூரைக்கடியில் சிவப்பு எண்கள்
ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறின.

"தோள் இன்னும் தாழ்ந்திருக்கும்," என்றேன் மூச்சு வாங்க.
"உனக்கு."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.
எண்கள் அடங்கிவிட்டன.
அவன் பொத்தானை அழுத்தவில்லை.

"இன்னொரு தடவ," என்றான்.